எஞ்சினுக்கு எண் இருக்கிறது... ஏறிப் போனவருக்கு?

டோக்கியோ நகரில் யசுகுனி என்றோர் ஆலயம். போரில் இறந்த ஜப்பானிய வீரர்களுக்காக எழுப்பப்பட்டது. அதை ஒட்டியுள்ள போர் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் கரிய நிறத்தில் ஒரு நீராவி எஞ்சின் நிற்கிறது. துடைத்து, மெருகேற்றி, நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்தது போல நிற்கிறது. அதன் எண் சி56-31.

இந்த எஞ்சினுக்கும் சிலாங்கூர் மாநிலத்தின் வடக்கே இருக்கும் உலு யாம் வட்டாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. இது சயாம் மரண ரயில் பாதையில் ஓடிய எஞ்சின். 1943ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது இதுதான். அது ஓடுவதற்காகக் காட்டை வெட்டி, கல்லைச் சுமந்து, கட்டையை அடுக்கி, தண்டவாளம் போட்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர். உலு யாம், பத்தாங் காலி, செரண்டா, ரவாங், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் என்று ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்த வட சிலாங்கூரும் அந்தக் கொடுமைக்குத் தப்பவில்லை.

எஞ்சின் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கிறது. அதைச் செய்த கம்பெனி எது, எந்த ஆண்டு செய்தது, எந்த நாட்டில் எத்தனை எண் மாறியது, எப்போது ஊர் திரும்பியது, எல்லாம் ஏட்டில் இருக்கிறது. பாதை போட்ட மனிதர் எங்கே என்று கேட்டால்?

அங்கேதான் வாய் அடைத்துப் போகிறது.

கப்பலில் வந்த 90 எஞ்சின்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த அபூர்வ வாகனங்கள் கடைசியில் என்ன ஆயின என்று தேடித் திரிவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் உலகத்தில் உண்டு. ரயில் எஞ்சின்களைத் தேடுகிறவர்கள் அதிலும் தனிரகம். அவர்கள் விடாமல் தேடிய எஞ்சின்களில் ஒன்று இந்த சி56.

ஜப்பானில் 1935 முதல் 1939 வரை அந்நாட்டு அரசு ரயில்வேக்காக 160 சி56 எஞ்சின்கள் செய்யப்பட்டன. கிராமப்புறக் கிளைப் பாதைகளுக்கு ஏற்ற எடை குறைந்த எஞ்சின். கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்ப வசதி இல்லாவிட்டாலும், பின்னாலேயே ஓட்டி வரலாம். ஓட்டுநர் பின்னால் பார்ப்பதற்காக, கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டியின் மேல்பாகத்தை இருபுறமும் குறுக்கி அமைத்திருந்தார்கள்.

போர் வந்தது. 160 எஞ்சின்களில் முதல் 90 எஞ்சின்கள் ராணுவத்துக்கு எடுக்கப்பட்டன. ஆனால் ஒரு சிக்கல். ஜப்பானில் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர். சயாம், மலாயா, பர்மா மூன்றிலும் 1,000 மில்லிமீட்டர். வித்தியாசம் 67 மில்லிமீட்டர்தான். நாலு விரற்கடை அகலம்கூட இராது. அதற்காக ஒவ்வொரு எஞ்சினின் சக்கரங்களையும் மாற்றியமைத்து, கப்பலில் ஏற்றி, தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பினார்கள்.

எஞ்சின்மேல் எத்தனை அக்கறை பாருங்கள்!

வந்தவை ஜப்பான் எஞ்சின்கள் மட்டும் அல்ல. மலாயா ரயில்வேயின் எஞ்சின்களும் பெட்டிகளும் வடக்கே இழுத்துச் செல்லப்பட்டன. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் பெரும்பகுதியையும், தம்பின் - மலாக்கா கிளைப் பாதையையும் பெயர்த்து எடுத்தார்கள். குவாய் ஆற்றுப் பாலத்துக்கான இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து வந்தன. ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரம் மாட்டிக்கொண்டு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடக்கூடிய லாரிகளையும் ஜப்பான் ராணுவம் கொண்டு வந்தது.

ஏன் இத்தனை அவசரம்? 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் ஜப்பானியர் கைக்கு வந்தது. பர்மாவில் இருக்கும் படைக்குக் குண்டும் அரிசியும் போக வேண்டும். கடல்வழி மலாக்கா நீரிணையைச் சுற்றிப் போகிறது. அங்கே நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் சயாமில் பான்போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போடத் தீர்மானித்தார்கள். நடுவில் மலை, ஆறு, மலேரியாக் காடு. 1942ஆம் ஆண்டின் நடுவில் வேலை தொடங்கியது. 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு முனைகளும் கொன்கொய்தா என்ற இடத்தில் சந்தித்தன. சாதாரணக் காலத்தில் பல ஆண்டுகள் ஆகக்கூடிய வேலை, ஏறக்குறைய பதினாறு மாதத்தில் முடிந்தது.

எப்படி முடிந்தது? மனித உயிரை விறகாக எரித்து முடித்தார்கள்.

பெரட்டுக்குப் போனவர் வீடு திரும்பவில்லை

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டங்கள் எப்படி இருந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்டார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. பால் மரம் சீவினால் வாங்க ஆள் இல்லை, சம்பளமும் இல்லை. பர்மா அரிசி வருவது குறைந்தது. மரவள்ளிக்கிழங்குதான் சோறு. துணிக்குப் பதில் சாக்கு.

இந்தப் பசியைத்தான் ஜப்பானியர் பயன்படுத்திக்கொண்டார்கள்.

"சயாமில் வேலை இருக்கிறது. மூன்று மாதம்தான். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் உண்டு" என்று சொன்னார்கள். முதலில் நம்பிப் போனவர்களும் உண்டு. மனைவி மக்களோடு போன குடும்பங்களும் உண்டு. போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை, காசு வரவில்லை, ஆளும் வரவில்லை. சந்தேகம் பரவியது. யாரும் போக முன்வரவில்லை.

அதன் பிறகு வற்புறுத்தல் தொடங்கியது. ஒரு தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டார்கள். ஆள் சேர்க்கும் பொறுப்பு கிராணிகள், கங்காணிகள் தலையில் விழுந்தது. பெரட்டுக் களத்திலிருந்தே ஆள் எடுத்தார்கள். சில ஊர்களில் இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி, கொட்டகைக் கதவை மூடி, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றினார்கள். கடைக்குப் போனவர், கள்ளுக்கடைக்குப் போனவர், தெருவில் நின்றவர் என்று அகப்பட்டவர்களை எல்லாம் பிடித்தார்கள்.

பிறகு ரயில் பயணம். அதுவும் பயணிகள் பெட்டி அல்ல. சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டி. பகலில் தணலாய்க் கொதிக்கும், இரவில் குளிரும். உட்கார்ந்தபடி, நின்றபடி நாலைந்து நாள். கோலாலம்பூரிலிருந்து வடக்கே போன அந்த வண்டிகள் ரவாங், செரண்டா, பத்தாங் காலி வழியாகத்தான் போயின. பிடித்துப் போகப்பட்ட ஆள்களில் எத்தனை பேர் பெட்டியின் இடுக்கு வழியே தங்கள் ஊரைக் கடைசித் தடவையாகப் பார்த்தார்களோ!

பான்போங்கில் இறக்கப்பட்டவர்களில் பலர் அங்கிருந்து காட்டுக்குள் நடந்தே போனார்கள்.

மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை

அந்தப் பாதையில் இரண்டு விதமான மனிதர்கள் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள், 60,000 பேருக்கு மேல். இன்னொரு பக்கம் தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் என ஆசியத் தொழிலாளர்கள். இவர்கள் 1,80,000 பேருக்கும் அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. இதில் மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 75,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

போர்க்கைதிகள் பட்ட துன்பம் கொஞ்சநஞ்சம் அல்ல. 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு படை அமைப்பு இருந்தது. அதிகாரிகள் இருந்தார்கள். கையில் மருந்து இல்லாவிட்டாலும், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்ல மருத்துவர்கள் இருந்தார்கள். யார் இறந்தார், எந்த நாளில் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாக எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பைப் பாட்டிலுக்குள் போட்டு மண்ணில் புதைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு.

தோட்டத் தொழிலாளிக்கு இதில் எதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. குடிசை குடிசையாக மாண்டார்கள். பிணத்தை எரிக்கவும் புதைக்கவும் தெம்புள்ள ஆள் இல்லை. நிலைமை முற்றிய பிறகே, சிங்கப்பூர் சாங்கி முகாமிலிருந்து கே படை, எல் படை என்ற பெயரில் கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் ஜப்பானியர் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் பல முகாம்களில் நிலைமை கைமீறிவிட்டது.

ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. கவனியுங்கள், மதிப்பீடு! போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. இவர்களுக்கு உத்தேசக் கணக்குதான் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கும் ஒரு சேதி சொல்கிறது. 1931இல் சிங்கப்பூர் உட்பட மலாயாவில் இந்தியர்கள் ஏறக்குறைய 6,20,000 பேர். பதினாறு ஆண்டு கழித்து 1947இல் எண்ணியபோது 6,00,000க்கும் சற்றுக் குறைவு. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் ஊர் திரும்பியவர்கள் உண்டு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையை நிறுத்தியதும் உண்மை. ஆனாலும், வளர வேண்டிய ஒரு சமுதாயம் தேய்ந்து போனதில் சயாம் ரயிலின் பங்கை மறைக்க முடியாது.

எஞ்சின்கள் என்ன ஆயின?

1945இல் போர் முடிந்தது. வாகனங்களின் கதையை இனித்தான் கவனிக்க வேண்டும்.

90 சி56 எஞ்சின்களில் 46 எஞ்சின்கள் சயாம் ரயில்வேக்கு வந்து சேர்ந்தன. 701 முதல் 746 வரை புதிய எண் பெற்றன. இன்னும் பல பர்மாவில் ஓடின. எல்லை ஓரத்தில் நாலு கிலோமீட்டர் பாதையை 1946 ஜனவரியில் பிரிட்டிஷார் பெயர்த்தெடுக்கச் செய்ததால், பாதை இரண்டாகத் துண்டிக்கப்பட்டது. தாய்லாந்துப் பக்கம் நாம்தொக் வரை 1958இல் திரும்பத் திறக்கப்பட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகள் போய்வருவது அதில்தான்.

சி56-31 தாய்லாந்தில் 725 என்ற எண்ணோடு முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தது. ஓய்வு பெற்றதும், அந்தப் பாதையில் பணியாற்றிய முன்னாள் ஜப்பானிய ரயில் படையினர் அதை மறக்கவில்லை. தேடிப் பிடித்து, 1979இல் ஊருக்குக் கொண்டுபோய் யசுகுனியில் வைத்தார்கள்.

735 என்ற எண்ணோடு இருந்த சி56-44ம் அதே ஆண்டு ஜப்பான் திரும்பியது. ஓய்காவா என்ற மலைப்பாதை ரயில் கம்பெனி அதைச் சுற்றுலா வண்டியாக ஓட்டியது. 2015இல் அதற்குச் சிவப்புச் சாயம் பூசி, முகம் வைத்து, குழந்தைகள் கதையில் வரும் ஜேம்ஸ் என்ற எஞ்சினாக வேடம் போட்டார்கள். பிள்ளைகள் கைதட்டி வரவேற்றார்கள்.

713, 715 ஆகிய இரண்டும் பாங்காக்கின் தொன்புரி பணிமனையில் பாதுகாக்கப்பட்டு, விசேஷ நாள்களில் ஓட்டப்பட்டு வந்தன. 719 காஞ்சனாபுரியில் ஆற்றுப் பாலத்தருகே காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்னொரு சி56 பர்மா முனையில், தன்பியூசாயாட்டில் நிறுத்தப்பட்டது.

இது அத்தனையும் எப்படித் தெரிகிறது? ஒவ்வோர் எஞ்சினுக்கும் ஓர் எண் இருந்தது. எண்ணை எழுதிவைக்க ஒருவர் இருந்தார். எழுதியதைப் பாதுகாக்க ஓர் அலுவலகம் இருந்தது. பிறகு தேடி வர ஆள் இருந்தார்கள்.

இழப்பீடு யாருக்கு?

நெஞ்சைச் சுடும் சேதி அடுத்ததுதான்.

பிரிட்டிஷார் தங்கள் வசம் வந்த அந்தப் பாதையைச் சயாம் அரசுக்கு விற்றார்கள். விலை 12,50,000 பவுன். அந்தப் பணம் எதற்குப் போனது தெரியுமா? பக்கத்து நாடுகளிலிருந்து ஜப்பானியர் அள்ளிப் போன ரயில் சாமான்களுக்கு ஈடு கட்டப் போனது. தண்டவாளத்துக்கு இழப்பீடு உண்டு! அதைத் தோளில் சுமந்து செத்தவன் குடும்பத்துக்கு இல்லை.

1951இல் சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் வந்தது. அதன் 16ஆம் பிரிவு போர்க்கைதிகளுக்கு உதவித்தொகை தர வழி செய்தது. தோட்டத் தொழிலாளி போர்க்கைதி அல்லவே! அவன் அந்தக் கணக்கில் வரவில்லை.

1967 செப்டம்பர் 21ஆம் தேதி ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்பாடு செய்தன. போர்க்காலக் கொடுமைகளுக்காக ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் வெள்ளி பெறுமானத்தில் உதவ ஒப்புக்கொண்டது. அது எப்படி வந்தது? இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. நாட்டின் கப்பல் துறைக்கு அவை உதவின. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உலு யாமிலோ கோலசிலாங்கூரிலோ கணவனைப் பறிகொடுத்து, விடியற்காலையில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் மரம் சீவப் போன பெண்ணுக்கு ஒரு கப்பலால் என்ன ஆறுதல்?

மீண்டும் ஒரு வாகனம் வந்தது. மீண்டும் ஆளுக்கு எதுவும் வரவில்லை.

உலகம் இந்தப் பாதையை அறிந்ததும் ஒரு சினிமா மூலம்தான். டேவிட் லீன் எடுத்த 'குவாய் நதிப் பாலம்' 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை அள்ளியது. படம் பிடித்த இடம் இலங்கையின் கித்துல்கல. படத்துக்காக அங்கிருந்த பழைய ரயில் எஞ்சின் ஒன்றை வாங்கி, பாலத்தோடு ஆற்றில் கவிழ்த்தார்கள். அந்த எஞ்சினின் பூர்வீகத்தைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். ஆனால் படத்தின் கதை போர்க்கைதிகளின் கதை. தமிழ்த் தொழிலாளியின் கதைக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.

கல் வைத்தால் போதுமா?

காஞ்சனாபுரியில் இருக்கும் போர்க்கைதிகள் மயானத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். வெட்டிய புல், பூச்செடி, கல்லில் பெயர், வயது. பார்த்தாலே கண் கலங்கும். 2003இல் திறக்கப்பட்ட தாய்லாந்து - பர்மா ரயில் மையத்தில், கைதிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து, தாத்தா எந்த முகாமில் இருந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போகிறார்கள்.

நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது? 1944இல் ஜப்பானியரே கட்டிய ஒரு நினைவுத்தூண் காஞ்சனாபுரியில் உண்டு. அதில் பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறார்கள். தமிழும் அவற்றில் ஒன்று. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' நாவல் இருக்கிறது. அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. 2023இல் காஞ்சனாபுரியில் தமிழர் நினைவாக ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டு தாமதமானாலும் நல்ல காரியம்.

ஆனால் நடுகல் என்பது நம் முன்னோர் பெயர் சொல்லி நட்ட கல். இன்னார் மகன், இன்ன ஊரில், இதற்காக இறந்தான் என்று எழுதி வைத்த கல். சயாமில் மாண்டவர்களின் பெயர்கள் எங்கே?

போருக்கு முன்பு ஒவ்வொரு தோட்டத்திலும் செக்ரோல் இருந்தது. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று கிராணி தினமும் எழுதினார். அரை நாள் சம்பளம் பிடிப்பதற்காகவாவது தொழிலாளியின் பெயர் ஒரு தாளில் இருந்தது. அவன் சாவுக்குப் போனபோதுதான் அந்தப் பெயர் எந்தத் தாளிலும் ஏறாமல் போனது.

இனி என்ன செய்யலாம்? போய் உயிரோடு திரும்பியவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கே எண்பது வயது கடந்துவிட்டது. தோட்டங்களும் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதியாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. லயங்கள் இடிந்துவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தைக்கே 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. தோட்டத்தின் பெயரே மறைந்தால், அங்கிருந்து போனவரின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

இதற்கு அரசாங்கத்தையே எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்தில் "சயாமுக்குப் போனவர் வரவே இல்லை" என்று சொல்லப்பட்ட ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு தாளை எடுங்கள். அவர் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர்கள் யார் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். கோயில் நிர்வாகத்திடம் ஒரு பிரதி, தமிழ்ப்பள்ளியில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். ஒரு தோட்டத்தில் பத்துப் பெயர் கிடைத்தாலும் போதும். பத்துத் தோட்டம் சேர்ந்தால் நூறு பெயர். அது ஒரு பட்டியலின் தொடக்கம்.

உலு யாமுக்கு அருகே, பத்தாங் காலி நிலையத்தின் வழியாக இப்போது மின்சார ரயில் பறக்கிறது. சயாமுக்குப் போன சரக்குப் பெட்டிகள் ஓடியதும் அதே தடம்தான். ஓர் எஞ்சினை 67 மில்லிமீட்டர் சரிக்கட்டி, கடல் கடத்தி, முப்பது ஆண்டு கழித்தும் நினைவில் வைத்துத் திரும்ப அழைத்துப் போனார்கள் அதன் சொந்தக்காரர்கள். சயாமுக்குப் போன தொழிலாளியின் சொந்தக்காரர்கள் நாம்தான். அவரை இனி ஊருக்குக் கொண்டுவர முடியாது. அவர் பெயரையாவது கொண்டுவரலாம்.